எமில்டாவின் சாட்சி

கிறிஸ்துநாயகம் எமில்டாவின் பக்கம் கையைக் காட்டிப் பேசத் தொடங்கியதும் அவள் கால்விரல்களைச் சப்பாத்துக்குள் மடக்கிக்கொண்டாள். புலம்பெயர்ந்து வந்து டோர்செட் பார்க்கில் அவள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தள மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம். நடத்துபவர் அவர்தான். வசதியானவர்கள் வாழும் மில்லிக்கனில் சொந்த வீடு, வீடு விற்கிற தொழில். வீடு விற்கும் அதே குரலில் கர்த்தரைப் பற்றியும் பேசுவார். பாரிசவாதத்தில் விழுந்து நான்கு வருடமாகப் படுக்கையில் கிடக்கும் அவள் கணவன் நீக்கிலாஸைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கதை கூட்டத்தை அழவைக்கும் என்பது மட்டுந்தான். ஒருநாளாவது லிஃப்டில் ஏறி மேலே வந்து பார்த்ததில்லை.

பிரியமானவர்களையே தேவன் பொன்னைப்போல நெருப்பில் போடுகிறார், சோதனை பொறுமையைத் தரும், பொறுமை விசுவாசத்தை முதிரவைக்கும் என்றார். பிறகு அவளைச் சாட்சி சொல்ல அழைத்தார்.

எமில்டா எழுந்தாள். "எனக்குப் பொறுமை ஒண்டும் வரேல்லை, பிரதர். முதுகுநோதான் வந்தது. அவரைப் புரட்டிப் படுக்கவைக்கேக்கை சில நாள் வாயிலை தூஷணமும் வருது. உங்களுக்கு ஒரு தடிமன் காய்ச்சல் வந்தாலே கூட்டத்தை நிப்பாட்டிறியள். நெருப்பைப்பற்றி நீங்கள் கதைக்காதேங்கோ."

அவர் புன்னகைத்தார். சகோதரி களைத்துப்போனார், அவருக்காக ஜெபிப்போம் என்றார். சுற்றியிருந்தவர்கள் கீழ்ப்படிவாகக் கண்களை மூடிக்கொண்டார்கள். அவள் மேலே போய் நீக்கிலாஸைத் துடைத்து உடை மாற்றினாள். அதற்குப் பிறகு கூட்டத்துக்குப் போகவில்லை. அவனைத் துடைக்கும்போதெல்லாம் கர்த்தரோடு அவள் போட்ட சண்டை மட்டும் நிற்கவில்லை.

அடுத்த மாரியில் கிறிஸ்துநாயகத்தின் மனைவி கமலாம்பிகை தலைக்குள் நரம்பு வெடித்து நினைவிழந்தாள். செய்தி கேட்டதும் எமில்டாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. சில வாரம் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணை நீக்கிலாஸோடு இருக்கச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். பொன், நெருப்பு என்ற அவருடைய வார்த்தைகளையே அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜெபக்கூட்டத்தார் முதல் வாரம் திரண்டு வந்து, வசனம் சொல்லி, பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டிருந்தார்கள். அவர் தனியாகக் கட்டிலருகில் இருந்தார். சாயம் போன தலைமயிர் அடியில் வெள்ளையாக இருந்தது. இவ்வளவுதானா இந்த மனிதன் என்று நினைத்தாள்.

"அவா இனி எழும்பமாட்டாவாம், அக்கா," என்றார். "எனக்கு ஜெபிக்க வருகுதில்லை. வாயைத் திறந்தால் பிரசங்கந்தான் வருது. நீங்கள் ஒருக்கா ஜெபியுங்கோ."

கொண்டுவந்த வார்த்தைகள் நாக்கு நுனியில் நின்றன. முன்னென்றால் சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போயிருப்பாள். இப்போது கால் நகரவில்லை. கட்டிலருகில் நின்று பழகிய கால். தன்னைக் கேட்காமலே தனக்குள் ஏதோ வளர்ந்திருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்கு ஆத்திரம் வந்தது. சோதனை பொறுமையைத் தரும் என்ற அந்த உண்மை, தானே நம்பாமல் சொன்ன இந்த மனிதனின் வாயிலிருந்தா வந்தது? அருவருப்பாக இருந்தது.

கதிரையை இழுத்து இருந்தாள்.

"ஆண்டவரே, இந்த மனுசனை எனக்குப் பிடிக்காது. அது உமக்கும் தெரியும்." கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தாள். "இவரை விட்டிட்டுப் போகாதேயும்."

அவர் குனிந்து, மேடைக்குரல் எதுவுமில்லாமல், மூக்கு ஒழுக அழுதார். கழுத்துப்பட்டியின் நுனி, யாரோ வைத்துவிட்டுப் போன ஆறிய சூப்புக்குள் தோய்ந்தது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். அவர் நிறுத்துவதாக இல்லை. கையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். சூப்பு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.