எட்டாவது போல்ட்

கோயமுத்தூர் ஜில்லாவில் போல்ட் முறுக்கத் தெரிந்தவர்கள் மொத்தம் ஒன்றரைப் பேர். இந்தக் கணக்கை வெளியிட்டவன் என்னுடன் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் கதிர்வேல். அந்த ஒருவன் தானே என்பதையும் அவன் அடக்கத்துடன் ஒப்புக்கொண்டான். மீதி அரை, எங்கள் கல்லூரி லேபில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கும் டார்க் ரெஞ்ச். எவ்வளவு முறுக்கினோம் என்று அது முள்ளைக் காட்டித்தான் சொல்கிறது, தனக்கு மணிக்கட்டே சொல்லிவிடுகிறது என்பதால் அதற்குப் பாதி மார்க்கைக் குறைத்திருந்தான்.

அந்த மணிக்கட்டுக்கு வேலை வந்தது 1994 மார்ச்சில், அவனுடைய தாய்மாமா பொங்கியண்ணன் ஒரு விசேஷத்துக்காகக் கொடுமுடி போன வாரம்.

மாமாவுக்குப் பீளமேட்டில் பம்பு செட் செய்யும் கம்பெனி இருந்தது. வீட்டு ஷெட்டில் 1958ஆம் வருடத்து ஃபியட் கார் ஒன்று இருந்தது. மகள் நித்யஸ்ரீ பிறந்த செய்தி வந்தபோதும் அவர் அந்தக் காரைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாராம். நித்யஸ்ரீயே சொன்னாள், குறையாக அல்ல, தகவலாக.

கிளம்பும்போது மாமா சாவியைக் கதிர்வேலிடம் கொடுத்தார்.

“துடைச்சுக்கோ கண்ணு. ஸ்டார்ட் பண்ணிப் பாத்துக்கோ. ஞாயித்துக்கெழமை நாலு மணிக்குக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல வண்டியோட நில்லு. ஆனா ஒண்ணு. ஸ்பானர் மட்டும் பட்டுதுன்னு வெச்சுக்கோ, அப்புறம் இந்த வண்டிய நீ ரோட்டுல நின்னு பாக்கறதோட செரி.”

கதிர்வேல் தலையாட்டினான். அவன் கண் அப்போதே காருக்கு அடியில் இருந்த கொட்டாங்குச்சியின் மேல் இருந்தது. கியர் பெட்டியின் அடி மூடியிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று சொட்டு எண்ணெய் விழும். மாமா பல வருடமாகக் கொட்டாங்குச்சி வைத்துப் பிடித்துவந்தார். இருவருக்கும், அதாவது மாமாவுக்கும் காருக்கும், அதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை.

“ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் பொழங்கற ஊட்டுல கொட்டாங்குச்சியா?” என்றான் கதிர்வேல். சனிக்கிழமை காலை காரை மரக்கட்டைகள் மேல் ஏற்றிவிட்டு அடியில் புகுந்துவிட்டான். டார்ச் பிடிப்பது என் பொறுப்பு. இரண்டு அரியர் வைத்திருந்ததால் அதைவிடப் பெரிய பொறுப்பை நானும் கேட்கவில்லை.

எண்ணெயை வடித்தான். எட்டு போல்ட்டையும் கழற்றினான். மூடியை இறக்கி, கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, புதிதாக ஒன்று வெட்டி வைத்தான். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு முறுக்க ஆரம்பித்தான். ஏழு போல்ட் முடிந்தது. எட்டாவதும் முடிந்தது. ஆனால் மணிக்கட்டு திருப்தி அடையவில்லை.

“இன்னுங் கொஞ்சம் எடம் இருக்குது மாப்ள.”

இருந்தது. அதற்குப் பிறகு நிறையவே இருந்தது. ஸ்பானர் திடீரென்று சுலபமாகச் சுற்ற ஆரம்பித்தது.

“லேசாச் சுத்துதேடா?” என்றேன்.

“செட் ஆகுது.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

பதினொரு சுற்று சுற்றிய பிறகு போல்ட்டை இரண்டு விரலால் வெளியே எடுத்தான். அதன் மேல் அலுமினியம் கம்பிச் சிம்பாகச் சுருண்டு தொங்கியது. துளைக்குள் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் திருகு மரை மொத்தமும் அதுதான். கியர் பெட்டி அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டும் மோதினால் என்ன ஆகும் என்பது முதல் செமஸ்டரிலேயே நடத்திய பாடம். அன்று நாங்கள் இருவரும் கேன்டீனில் இருந்தோம்.

எண்ணெயை மறுபடி ஊற்றிப் பார்த்தோம். முன்பு ஒரு நாளைக்கு மூன்று சொட்டு. இப்போது கொட்டாங்குச்சி அரை மணியில் நிறைந்தது.

அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் போன் அடித்தது. கொடுமுடியிலிருந்து மாமா.

“வண்டி எப்படி இருக்குது கதிரு?”

“ஜம்முனு நிக்குதுங் மாமா.”

அதில் பொய் இல்லை. அதனால் நிற்க மட்டும்தான் முடியும்.

சாயங்காலத்துக்குள் மூன்று வைத்தியம் நடந்தது. போல்ட்டில் பருத்தி நூலைச் சுற்றினான். சிகரெட் பெட்டியின் ஈயக் காகிதத்தைச் சுற்றினான். கடைசியில் நித்யஸ்ரீயின் நகப்பாலிஷைக் கேட்டு வாங்கிப் பூசினான். போல்ட் ரோஸ் நிறத்தில், முன்பைவிட அழகாக, கையோடு வந்தது.

“மச்சான், அப்பா வர்றப்ப அந்த ஒண்ணை மட்டும் வெளிய தெரியற மாதிரி வெய்யுங்க. அவருக்கு அந்தக் கலர் புடிக்கும்” என்றாள் நித்யஸ்ரீ.

ஞாயிற்றுக்கிழமை காலை உக்கடம் போய் மெக்கானிக் சஹீரைக் கூட்டி வந்தோம். அவனுக்கும் எங்கள் வயதுதான். எங்களுக்கு இன்னும் இன்ஜினியர் ஆக ஒரு வருடம் பாக்கி. அவன் ஐந்து வருடமாகப் பழைய கார்களுக்கு அடியில் வாழ்பவன். டி.வி.எஸ். ஃபிப்டியில் டூல்ஸ் பெட்டியுடன் வந்து, அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

“நல்லாவே முறுக்கியிருக்கீங்க” என்றான்.

கதிர்வேல் என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினான். கொங்கு நாட்டில் யாரும் யாரையும் நேராகத் திட்டுவதில்லை என்பதால் எங்களில் பலருக்குத் திட்டு வாங்கியதே தெரியாது.

சஹீர் மூடியைக் கழற்றினான். முதலில் மற்ற ஏழு துளைகளையும் சோதித்தான். ஸ்பானரைத் தொடவில்லை. போல்ட்டை விரலில் பிடித்துத் துளையில் வைத்து, இறுக்கும் பக்கம் திருப்பாமல், கழற்றும் பக்கமாக மெல்ல ஒரு சுற்று சுற்றினான். எங்கோ ஒரு இடத்தில் சின்னதாக ‘டக்’, போல்ட்டின் மரை துளையின் மரைக்குள் விழுந்த சத்தம். அதற்குப் பிறகுதான் முன்பக்கம் திருப்பினான். திருப்பும்போது முணுமுணுத்தான்:

“வாங்க… வாங்க. ம், உள்ள போங்க.”

கதிர்வேலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“ஏனுங் பாய், உள்ள போறதுக்கு எதுக்குப் பின்னால சுத்தறீங்க? அப்புறம், போல்ட்டுக்குக் காது கேக்குமுங்களா?”

“அதுக்குக் கேக்காதுங்க. அது சொல்றது எனக்குக் கேக்கோணுமுங்க.”

கதிர்வேல் சமையலறைக்கு ஓடி ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தான். நித்யஸ்ரீ முன்னால் நின்று மூடியைப் பின்பக்கமாகச் சுற்றிக் காட்டினான்.

“வாங்க மூடி, வாங்க! ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா? சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும்!”

சஹீரும் சிரித்தான். சிரித்தபடியே வேலையைப் பார்த்தான். மரை போன துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினான். மரை வெட்டும் டேப்பை முன்னால் அரைச் சுற்று, பின்னால் கால் சுற்று என்று நகர்த்திப் புது மரை வெட்டினான். பிறகு சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தான். உள்ளே ஒரு எஃகுக் கம்பிச் சுருள். பார்க்க, பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்குக்குப் பெரியப்பா மகன் மாதிரி இருந்தது. அதைத் துளைக்குள் திருகி இறக்கினான். இனி அந்தச் சுருளின் உட்பக்கம்தான் போல்ட்டுக்கு மரை.

“ஒரு மில்லுல கேட்டு வாங்குனதுங்க. இந்த ஒண்ணுதான் இருந்துச்சு. இதும் போச்சுன்னா அடுத்தது வர பத்து நாளாகும்” என்றபடி கையைத் துடைத்தான். “எங்க பெரியம்மா பொண்ணு அஃப்ராவுக்கு இன்னிக்கு நிக்காஹ். பந்தியில நான் நிக்கோணும். மூடிய நீங்களே மாட்டிக்குவீங்களா? உங்களுக்குத் தெரியாததுங்களா!”

“அதெல்லாம் எனக்கு அஞ்சு நிமிஷம்” என்றான் கதிர்வேல்.

டி.வி.எஸ். ஃபிப்டி தெருமுனை திரும்பியபோது மணி இரண்டே முக்கால்.

கதிர்வேல் அடியில் புகுந்தான். நான் டார்ச்சைப் பிடித்தேன். மூடியைத் தூக்கிப் பொருத்தி, முதல் போல்ட்டை வைத்து வழக்கம் போல நேராக முறுக்கினான். அரைச் சுற்றில் நின்றது. பார்த்தால் போல்ட் கோணலாக, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் தூங்குகிறவர் மாதிரி சாய்ந்திருந்தது.

ஸ்பானருக்குக் கையை நீட்டினான். நான் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. மணிக்கட்டு காற்றிலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே இறங்கியது. போல்ட்டைப் பதமாகக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்தான்.

“மாப்ள, தண்ணி கொண்டா.”

“பக்கத்துலயே சொம்பு இருக்குதே.”

“சில்லுனு வேணும்டா. போ.”

“டார்ச்சு?”

“வெச்சுட்டுப் போ. மெதுவா வா.”

நாலு மணிக்குக் காந்திபுரத்தில் ஃபியட் நின்றதும், மாமா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முதல் காரியமாகக் குனிந்து காருக்கு அடியில் பார்த்ததும், காய்ந்த தரையை வெகுநேரம் பார்த்துவிட்டு “வெயில் அதிகமாயிருச்சு, ஆயிலே வத்திப் போகுது” என்று கவலைப்பட்டதும், சாவி கதிர்வேலிடமே தங்கியதும் அதற்குப் பிறகு நடந்தவை. நான் சொல்ல நினைத்தது அந்த இரண்டே முக்காலைப் பற்றித்தான்.

நான் தண்ணீருடன் திரும்பியபோது நித்யஸ்ரீ ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போகாதே என்று கை காட்டினாள்.

“ஏனுங்ணா, மச்சான் உள்ள யாருகிட்டப் பேசீட்டு இருக்காரு?”

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. நான் குனிந்து பார்த்தேன். கதிர்வேலின் இரண்டு விரல்கள் எட்டாவது போல்ட்டைப் பிடித்திருந்தன. பின்பக்கமாக மெல்ல ஒரு சுற்று. காதைத் துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

டக்.

“வாங்க” என்றான் கதிர்வேல், மிகவும் சன்னமான குரலில்.