ஒருத்தர் வேணாம்னாலும் நடக்காது

எங்ககிட்டயெல்லாம் யாரு கருத்துக் கேக்கப் போறாங்கன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். கேக்க வந்தாங்க. வட்டவளைக்கு மேல இருக்கிற எங்க தேயிலத் தோட்டத்துக்கு, கொழும்புலேருந்து, வெள்ளக் கார்ல, சப்பாத்துல சேறு படாம.

அதுக்கு முந்தின மழையில நாங்க வரிசையாக் குடியிருந்த லயத்துச் செவரு சரிஞ்சி விழுந்திச்சி. என் மகன் தர்ஷன் அந்தச் செவரோரமாத்தான் படுத்திருந்தான். ஏழாம் ஆண்டு படிச்சிக்கிட்டிருந்தான். தூக்கத்துலயே போயிட்டான்னு எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னாங்க. அப்ப அந்தக் கை ஏன் போர்வைய அப்படிப் புடிச்சிருந்திச்சின்னு நான் யாருகிட்டயும் கேக்கல.

மேட்டுத்தரையில பொதச்சோம். தோட்டத்துச் சனம் செத்தாப் போற எடம் அதுதான். கல்லு வைக்கிற வசதி நமக்கு ஏது? அங்க ஒத்தச் சவுக்கு மரம் நிக்கும், அதுக்கு அடியில வச்சோம். மழையில மேடு கரைஞ்சாலும் மரத்த வச்சிக் கண்டுபுடிச்சிருவேன். ஞாயித்துக்கெழமையில போயிப் புல்லப் புடுங்கிட்டு, அவனக் கொஞ்சம் திட்டிட்டு வருவேன். அன்னிக்கு மட்டும் ஏன்டா செவருப் பக்கம் படுத்தேன்னு.

லயத்துல இனி இருக்க முடியாதுன்னு எல்லாக் குடும்பத்தையும் புள்ளக்காம்பராவுல கொண்டாந்து போட்டாங்க. கொழுந்து பறிக்கப் போறவங்க கைக்கொழந்தைய விட்டுட்டுப் போற எடம் அது. சேலையக் கட்டித் தடுத்தா ஒரு வீடு, அடுத்த சேலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு. என் மக சுதர்ஷினி ஆசுபத்திரியில புள்ளையப் பெத்துட்டு அங்கதான் வந்து படுத்தா. பச்ச ஒடம்புக்காரி, துணி மாத்தக்கூட மறைவில்ல.

கூட்டமும் அங்கேயேதான். வீட்டுத் திட்டத்து மாத்தயா, கொழும்பு ஆபீசரு, சிங்களத்துல பேச, மரியரட்ணம் மாஸ்டர் தமிழ்ல சொன்னாரு. மாஸ்டர் எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சிக் குடுக்கிறவரு, மாதா கோயில்லயும் எல்லாத்துக்கும் முன்னுக்கு நிப்பாரு, நல்ல மனுசன். வீடு கட்டித் தரப் போறாங்களாம். எங்க கட்டலாம்னு எங்க கருத்து வேணுமாம்.

சொல்லணுமா? ஆளுக்கொரு ஞாயம். ரோட்டோரமா வேணும்னு ஒருத்தர், தண்ணிக்குப் பக்கத்துல வேணும்னு ஒருத்தர், கோயில விட்டு வரமாட்டோம்னு ஒரு கூட்டம். எனக்குச் சிரிப்பா வந்திச்சி, கோவணத்துக்கு வழியில்லாதவன் பட்டுக்குக் கலரு தேடுன கதையா இருக்கேன்னு. மாத்தயா எல்லாத்தையும் கேட்டுட்டுச் சொன்னாரு. மண்ணு சரியாத எடம்னா மேட்டுத்தரை ஒண்ணுதான் இருக்காம். ஆனா அது மயானம். அதனால எல்லாரும் ஒத்துக்கணும், ஒருத்தர் வேணாம்னாலும் நடக்காது.

எல்லாருக்கும் அங்க ஆளு இருக்கு. ஆனாலும் என்னத்தான் பாத்தாங்க. எம்மவன் மண்ணு இன்னும் காயலியே.

கந்தப்பன் எந்திரிச்சாரு. மூணு பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு எங்களுக்கு அடுத்த சேலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரு. "எங்கப்பனும் அங்கதான் கெடக்காரு. பேத்திங்களுக்கு வீடுன்னா அவரு கோவிச்சிக்க மாட்டாரு. ஆனா ஒத்துக்கங்கன்னு உங்களப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரலக்கா"ன்னு சொல்லிட்டு ஒக்காந்துட்டாரு.

வேணாம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். எம்மவன் நெஞ்சுக்கு மேல யாரு அடுப்பு மூட்டுறது? அந்நேரம் சேலைக்குப் பின்னால பேரப்புள்ள இருமுச்சி. வேற எடமில்லாம அவனச் செவரோரமாப் படுக்க வச்சிருந்தா சுதர்ஷினி. புள்ளக்காம்பராச் செவரும் ஊறிப்போயிருந்திச்சி.

"அந்தச் சவுக்கு மரத்த வெட்டக் கூடாது. அது அடியில வீடு வரக் கூடாது. அப்படின்னா சரி"ன்னேன்.

மாஸ்டர் சிங்களத்துல சொன்னாரு. மாத்தயா நெஞ்சுல கைய வச்சி, "ஹரி அம்மே"ன்னாரு. "சரிம்மாங்கிறாரு. வெட்ட மாட்டாங்க பூரணி, வாக்குக் குடுத்துட்டாரு"ன்னாரு மாஸ்டர். கையத் தூக்குனேன். எனக்குப் பின்னாலதான் மத்தவங்க கை எந்திரிச்சிச்சி. கந்தப்பன் பொஞ்சாதி என் காலத் தொட வந்தா. போடி அங்கிட்டுன்னு தள்ளிவிட்டேன், இல்லாட்டி அழுதிருப்பேன்.

டோசர் வந்த அன்னிக்கு நாங்க மலையில கொழுந்து பறிச்சிக்கிட்டிருந்தோம். சத்தம் கேட்டிச்சி. மரம் நிக்குமில்லன்னு நானும் பேசாமப் பறிச்சேன். வேல விட்டுப் போயிப் பாத்தா, செவசெவன்னு ஒரே மட்டமாக் கெடக்கு. மரத்த வேரோட புடுங்கி இழுத்துட்டுப் போயிட்டாங்க, வேரு இருந்த குழியையும் மூடிட்டாங்க. மண்டி போட்டு மண்ணத் தடவித் தடவிப் பாத்தேன். எல்லாம் ஒரே மாதிரி மண்ணு. டோசர்க்காரன வாய்க்கு வந்தபடி திட்டுனேன். அவன் பாவம், மரத்தப் பத்தி அவங்கிட்ட யாரும் ஒரு வார்த்த சொல்லலியாம்.

சரி, வீடாவது வரட்டும்னு மனசக் கல்லாக்கிக்கிட்டேன். வெள்ளப் பெயின்ட் அடிச்ச முளைங்கள நட்டாங்க. சுதர்ஷினி புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு, இது குசினிம்மா, இது நீ படுக்கிற எடம்னு நடந்து காட்டுனா. அவ மொகத்துல சிரிப்பப் பாத்து எனக்கும் கொஞ்சம் ஆறிச்சி. அதோட சரி. அந்த மாத்தயாவ வேற எடத்துக்கு மாத்திட்டாங்களாம், காசு வரலியாம். முளையெல்லாம் மழையில சாஞ்சி, மேல புல்லு மொளச்சிருச்சி.

தீவாளிக்கு முதல் நாள் செத்தவங்களுக்குப் படைக்கிறது எங்க வழக்கம். தர்ஷனுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும்னா உசுரு. வாழ எலையில கட்டிக்கிட்டுப் போயி, எங்க வைக்கிறதுன்னு தெரியாம நின்னேன். ஒரு எடத்துல குனிஞ்சேன், இது வேற யாரு தலைமாடோன்னு எந்திரிச்சிட்டேன். அந்தப் பக்கம் கந்தப்பன், அப்பனுக்குக் கொண்டாந்த சாராயப் போத்தலோட அதே மாதிரி நிக்கிறாரு. எலைய அவுக்காமலே திருப்பிக் கொண்டாந்தேன்.

போன மாசம் புது மாத்தயா ஒருத்தரு வந்தாரு. அதே புள்ளக்காம்பரா, நாங்களும் அதே சேலைக்குள்ளதான். வீடு இப்போதைக்கு இல்லியாம். மேட்டுத்தரை சும்மாதான கெடக்கு, டூரிஸ்ட்காரங்களுக்கு விடுதி கட்ட ஒரு கம்பெனி கேக்குதாம், உங்க புள்ளைங்களுக்கு வேல கெடைக்கும், கருத்துச் சொல்லுங்கன்னு மாஸ்டர் தலையக் குனிஞ்சிக்கிட்டே தமிழ்ல சொன்னாரு. எல்லாரும் ஒத்துக்கணுமாம். ஒருத்தர் வேணாம்னாலும் நடக்காதாம்.

இந்தத் தடவ யாரும் ஞாயம் பேசல. மறுபடியும் என்னத்தான் பாத்தாங்க.

எந்திரிச்சேன். பூரணி இன்னிக்குக் கிழிக்கப் போறான்னு நெனச்சிருப்பாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா வேற வார்த்ததான் வந்திச்சி.

"எம்மவன் எங்க இருக்கான்னு காட்டச் சொல்லுங்க மாஸ்டர். காட்டட்டும், அப்புறம் நான் கருத்துச் சொல்றேன்."

நான் என்ன சொல்றேன்னு கேக்கிற மாதிரி மாத்தயா மாஸ்டரப் பாத்தாரு. மாஸ்டர் சிங்களத்துல தொடங்கிட்டு, நிறுத்திட்டாரு.

"சொல்லுங்க மாஸ்டர்"னேன்.

அவரு மாத்தயா பக்கம் திரும்பவேயில்ல. என்னப் பாத்து, தமிழ்லயே, "தெரியல பூரணி"ன்னாரு.