மஞ்சளாய் இருந்த ஆறு வால்வு

இடுப்பு விட்டுப்போயிருந்தது. கழிவறைப் பீங்கானுக்குக் கீழே ஒருக்களித்துப் படுத்து முக்கால் மணி நேரம் ஆகிறது. இடது தோள் மரத்துப்போய் யாருடைய தோளோ போலக் கிடந்தது. மெக்கானிக் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். மூக்கால் இழுத்தால் காலையில் தின்றது மேலே வந்துவிடும்.

இரண்டு வருடம் கடல் கடலாய்ச் சுற்றிவிட்டு வந்த பாய்மரப் படகு. கிரேனால் தூக்கிக் கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். மூத்திரமும் உப்புத்தண்ணீரும் சேர்ந்து கழிவுக்குழாய்க்குள் சுண்ணாம்பாய் இறுகி, பெருவிரல் நுழையும் ஓட்டைதான் மிச்சம். கழற்றியபோது உள்ளே நின்றதெல்லாம் முழங்கை வரை வழிந்தது. படகுக்கு வெளியே முகம் பார்க்கலாம்போல மெழுகு, உள்ளே சாக்கடை. காறித் துப்பவேண்டும்போல இருந்தது. துப்பவும் இடமில்லை.

மேல்படியில் உட்கார்ந்து படகுக்காரம்மா நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எந்தச் சாமான் தாங்கியது, எது கைவிட்டது என்று இரண்டு வருடமும் விடாமல் எழுதிவைத்தவள்.

“தானா ஸ்டியரிங் பிடிக்கிற மெஷினு நாலாவது மாசமே படுத்துடுச்சு. கையால பிடிச்சுப் பிடிச்சு எங்க வீட்டுக்காரருக்கு மணிக்கட்டு வீங்கிப்போச்சு. பாயில தையலெல்லாம் வெயில்ல நூல்நூலா உதிர்ந்துச்சு. கடல்தண்ணிய குடிதண்ணி ஆக்குற மெஷினு இருக்கே, அதைச் சொன்னா வயிறெரியும்.” பக்கத்தைத் திருப்பினாள். “ஒண்ணுக்குத்தான் பத்துக்குப் பத்து. நீங்க போட்ட நாலு வால்வு. ஒரு சொட்டு ஒழுகல.”

“நம்ம கைராசிம்மா அது!” என்று வெளியே ஏணியிலிருந்து குரல் வந்தது. மெக்கானிக்கின் மச்சினன், மனைவியின் தம்பி. பட்டறையில் அவன் கைக்குப் பாதி வேலை, வாய்க்கு முழு வேலை.

படகின் அடியில் தண்ணீர் போக வர நாலு துளை; இது கழிவு வெளியேறுவதற்கு. அந்தத் துளை வழியாகக் கடல் உள்ளே வராமல் தடுப்பது வால்வு ஒன்றுதான். மெக்கானிக் அதைத் திருகக் கைப்பிடியைப் பிடித்தான். பெரிதாக அழுத்தவில்லை. வால்வு கழுத்தோடு முறிந்து கையோடு வந்துவிட்டது. முறிந்த இடம் இளஞ்சிவப்பாய், ஊறிய ரொட்டிபோல இருந்தது. நகத்தால் சுரண்டினான். உதிர்ந்தது.

வெண்கலம் இப்படி உதிராது. பித்தளைதான் உப்பில் இப்படிச் செத்துப்போகும்.

தவழ்ந்து வெளியே வந்து, மச்சினனை முட்டுக்கட்டை நிழலுக்கு இழுத்துப் போனான்.

“என்னடா இது?”

“வால்வு.”

“அது குருடனுக்கும் தெரியும். வெண்கலம்தானடா வாங்கச் சொன்னேன்?”

மச்சினன் தலையைச் சொறிந்தான். “வர ஒரு வாரமாகும்னாங்க மச்சான். மறுநாளே தண்ணில எறக்கணும்னு நீங்கதான் குதிச்சீங்க. வீட்டுக் குழாய்க்கு வாங்குன பெட்டி ஒண்ணு கெடந்துச்சு. ரெண்டும் மஞ்சள்தானே?”

“உன் பல்லும் மஞ்சள்தான். அதைப் புடுங்கி மாட்டியிருக்கலாமே.”

“சத்தம் போடாதீங்க. பழசாகி தேஞ்சுபோச்சுன்னு சொல்லிடுவோம். அந்தம்மாவே பத்துக்குப் பத்து போட்டிருக்கு!”

குழாய்க்குள் இருந்ததைவிட இந்தப் பேச்சு நாறியது. ஆனால் வெறுமனே அவனைத் திட்டிவிட்டுப் போகவும் முடியவில்லை. அன்றைக்கு நாலு வால்வுக்கும் கிரீஸ் தடவி, திருகிப் பார்த்து, பளபளப்பைக் கண்டு ‘சரி’ என்று சொன்னது இதே கைதான். அந்தக் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

ஏணியேறிப் போய், முறிந்த துண்டை நோட்டின் மேல் வைத்தான்.

“இது பித்தளைம்மா. போட்டிருக்கவே கூடாது. எங்க தப்பு. நான் சரியாப் பாக்கல.”

அவள் துண்டைத் தொட்டாள். விரலில் சிவப்புத் தூள் ஒட்டியது. நடுக்கடலில் இது முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

“இதுக்கு மறுபக்கம்தான் எங்க படுக்கை,” என்றாள். நோட்டில் எழுதியிருந்த பத்துக்குப் பத்தைக் கோடுபோட்டு அடித்தாள். பேனா தாளைக் கிழித்தது. “வேற யாருக்கெல்லாம் போட்டீங்க?”

மெக்கானிக் பின்னாலேயே ஏணியேறி வந்திருந்த மச்சினனைத் திரும்பிப் பார்த்தான்.

“பெட்டில ஆறு இருந்துச்சு,” என்றான் மச்சினன். இப்போது வாய்க்கும் பாதி வேலைதான். “மிச்சம் ரெண்டும் அதே மாசம் நர்ஸம்மா படகுல…”

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ். துணைக்கு ஆளில்லாமல் தனியாகக் கடலில் போகிறவர். பதினோரு நாளைக்கு முன்னால் அவர் படகின் கயிற்றை அவிழ்த்துவிட்டது மெக்கானிக்தான். “நல்லா இருப்பா, உன் வேலையை நம்பித்தான் போறேன்” என்று கையசைத்துவிட்டுப் போனார். அடுத்த கரைக்கு இன்னும் மூன்று வாரம்.

படகுக்காரம்மா தன் சாட்டிலைட் போனை எடுத்து நீட்டினாள். மெக்கானிக் நாறிய விரலாலேயே நர்ஸம்மாவின் எண்ணை அழுத்தினான். போகவில்லை. வால்வைத் தொடாதீர்கள், முறிந்தால் துளையை அடைக்க மரக்கட்டையைப் பக்கத்திலேயே வையுங்கள் என்று செய்தி அனுப்பினான். மறுபடியும் அனுப்பினான். சாயங்காலம் வரைக்கும் பதில் இல்லை.

மீதி மூன்று வால்வையும் கழற்ற அவன் திரும்பவும் பீங்கானுக்குக் கீழே நுழைந்தான்.

நர்ஸம்மாவுக்கு இரண்டு வெண்கல வால்வு பாக்கி.