கழுதைக்கு வாய் திறந்தது

தேவாலயத்து ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'ரெண்டே வார்த்தை'. "இரண்டே வார்த்தை சொல்லி அமர்கிறேன்" என்று மைக்கைப் பிடித்தாரானால், அவர் அமர்வதற்குள் முன்வரிசைக் கொட்டாவி பின்வரிசை வரை போய்த் திரும்பிவிடும்.

அங்கே வகுப்பெடுப்பவள் ஒரு தையற்கடைக்காரி. வெட்டுத்துணியில் பொம்மை தைத்து, கூடவே குதித்து ஆடிக் கதை சொல்லுகிறவள் அவள். இதனால் வேதபாடம் கூத்துமேடையாகிவிட்டதென்பது கண்காணிப்பாளரின் புகார். பேராயர் வரும் நாளில் தாமே முறைப்படி கதை சொல்லிக்காட்டி, வகுப்பைப் பிடுங்கிக்கொள்வதென்று ரெண்டே வார்த்தை முடிவுகட்டியிருந்தார்.

பேராயர் வந்து, பிள்ளைகளின் நாற்காலி ஒன்றில் தம்மை எப்படியோ மடித்து உட்கார்ந்தார்.

"கழுதைங்களா, ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது!" என்று மங்களகரமாகத் தொடங்கினார் ரெண்டே வார்த்தை. அவர் அகராதியில் மீசை முளைக்காத யாவரும் கழுதைகளே.

கதை வேதாகமத்துப் பிலேயாமுடையது. தீர்க்கதரிசி கழுதைமேல் போகிறார். வழியில் வாளோடு ஒரு தேவதூதன். கழுதைக்குத் தெரிகிறது, பெரிய மனிதருக்குத் தெரியவில்லை.

"ஒதுங்கின கழுதைக்கு அடி! படுத்த கழுதைக்கும் அடி!" மேசையைத் தட்டினார். கண்ணை மூடிக் கைகளை விரித்தார். "அப்பொழுது ஆண்டவர், கழுதையின் வாயைத் திறந்துவிட்டார்!"

அவ்வளவுதான். மொத்த வகுப்பும் வாயைத் திறந்தது.

"எங்கள ஏன் சார் எப்பவும் திட்டுறீங்க?"

"சார், ஒண்ணுக்கு!"

"இவன் கிள்ளுறான் சார், அப்பவே புடிச்சு!"

"டீச்சரக்கா கழுதை பொம்மை டான்ஸெல்லாம் ஆடும் சார்!"

"உங்கள யாரு பேசச் சொன்னது?" என்று கத்தினார் ரெண்டே வார்த்தை.

"ஆண்டவர்தான் சார்," என்றாள் முன்பல் விழுந்த ஒருத்தி. "நாங்கதானே கழுதை?"

பேராயர் சிரித்த சிரிப்பில் நாற்காலி சாய்ந்தது. தரையில் கிடந்த அங்கிக்குள்ளிருந்து சிரிப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது. தூக்கி நிறுத்தியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தையற்கடைக்காரியைத் தேடினார்.

"ஏம்மா, உங்க கழுதை ஆடுமாமே? வகுப்பு உங்களுதுதானே, ஆட்டிக் காட்டுங்க!"

"ஆமாங்கய்யா" என்று சொல்லி முடிக்குமுன் அவள் பொம்மையோடு குதித்துவிட்டாள்.

இதையே நாடகமாகப் போடுவதென்று அங்கேயே முடிவாயிற்று. கழுதையாக இருந்து அலுத்த பிள்ளைகள் அத்தனை பேரும் தூதனாகிவிட்டார்கள். கழுதைக்கு ஆளில்லை. அவள் தயங்கித் தயங்கி ரெண்டே வார்த்தையிடம் போனாள்.

"சார், கதையிலயே அதுக்குத்தான் கண்ணு தெரியுது. நீங்க பண்ணா நல்லா இருக்கும்."

முகத்தை உம்மென்று வைத்திருந்தவர் கேட்டார்: "எத்தனை வசனம்?"

"ரெண்டே வசனம் சார்."

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மைக் உண்டா?"