ரஞ்சனி எடுக்காத ஊசி

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருக்கும் சுமலதாவுக்கு, அவள் தம்பி எழிலரசன் புது போனும் காந்த சார்ஜரும் வாங்கித் தந்திருந்தான். போனின் முதுகருகே கொண்டுபோனாலே சார்ஜர் ‘டக்’கென்று ஒட்டிக்கொள்ளும். போனில் ஒயர் சொருகாமலே சார்ஜ் ஏறும்.

ஒருநாள் காலை சார்ஜ் ஏறவில்லை. போன் தோசைக்கல்லாய்ச் சுட்டது. அன்றைக்கென்று பார்த்து இரண்டு தையல் ஊசிகளையும் காணவில்லை. அடிக்கடி ஊசி இரவல் வாங்கும் பக்கத்து ஃபேன்சி ஸ்டோர் ரஞ்சனி மேல்தான் அவளுக்குச் சந்தேகம். “எடுத்தா திருப்பிக் குடுக்க மாட்டியா?” என்று கத்தியேவிட்டாள். ரஞ்சனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மதியம் வந்த எழிலரசன் போனிலிருந்து சார்ஜரைப் பிரித்தான். நடுவில் அந்த இரண்டு ஊசிகளும் ஒட்டிக்கிடந்தன.

“காந்தம் போனையும் சார்ஜரையும் நேரா ஒட்ட வைக்குதுக்கா. அப்பதான் ஒயர் இல்லாமலே கரண்டு தாண்டும். நடுவுல இரும்பு மாட்டுனா சூடுதான் ஏறும்.”

சுமலதாவுக்குப் போன் கவலை போய் ரஞ்சனி கவலை வந்தது. சார்ஜரோடு நேரே அவள் கடைக்குப் போனாள்.

“தப்பா பேசிட்டேன் ரஞ்சனி. ஊசிய இதுதான் புடிச்சு வெச்சிருந்துச்சு.”

ரஞ்சனி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கோவமெல்லாம் அப்பறம். இத்த ஒரு நாள் குடு. ஹேர்பின் டப்பா கவுந்து, காலைலேர்ந்து பொறுக்கிக்கினு இருக்கேன்.”