சிவகௌரியின் ஆங்கிலம் மறுநாள் வந்துசேரும்

இல்லை, போனில் கோளாறு இல்லை, அதை எல்லாரும் முதலிலேயே பார்த்துவிட்டார்கள். சிவகௌரி பேசும் ஆங்கிலம் மறுநாள்தான் கேட்கும், அவ்வளவுதான். இன்று காலை புத்தூர் பஸ் நிறுத்தத்தில் நின்று அவள் "குட் மோர்னிங்" என்றால் உதடு அசைவது மட்டும் தெரியும். நாளைக் காலை அதே நேரத்துக்கு, அவள் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாலும், அதே நிறுத்தத்தில் அவளுடைய குரல் "குட் மோர்னிங்" சொல்லும். தமிழ் உடனே கேட்கும். பஸ், போன், வீட்டுக் கேற் போன்ற சொற்களும் பிந்துவதில்லை. அவை எப்போதோ தமிழாகிவிட்டன என்று ஊரார் விளக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

இதெல்லாம் ஜொனதனின் வகுப்பில் தொடங்கியது. இளந்தாரி, ஓரிடத்தில் இருக்கமாட்டான், "மை நேம் இஸ்" என்று தொடங்கும் பாடங்களைக் கண்டாலே கொட்டாவி விடுவான். வெளிநாடு போக இருப்பவர்களுக்குத் தேவாலயத்துக்குப் பக்கத்து அறையில் விஞ்ஞானத்தைக் கொண்டே ஆங்கிலம் படிப்பித்தான்: எரிமலை, நிலவு, வயிற்றுக்குள் வாழும் கிருமிகள் என்று ஒவ்வொன்றிலும் புதுச் சொற்கள், அன்றாட வசனங்கள். விளங்காமல் பாடமாக்கியவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. விளங்கிக்கொண்டவர்களுக்குத்தான் நடந்தது. கோள்கள் சூரியனைச் சுற்றுவதைப் படித்த புகையிலைக்காரர் தம்பிராசாவை அன்றிலிருந்து இரண்டு நாய்க்குட்டிகள் வட்டமாகச் சுற்றி வருகின்றன. அவர் சந்தைக்குப் போனால் அவையும் சுற்றிக்கொண்டே போகும். மின்னல் முதலில் தெரியும், இடி பிந்திக் கேட்கும் என்ற பாடத்தையோ சிவகௌரி அளவுக்கு ஒருவரும் விளங்கிக்கொள்ளவில்லை.

"தம்பி, எனக்கு வேற பாடம் எடுத்திருக்கலாமே?"

"அக்கா, நீங்கள் இவ்வளவு வடிவா விளங்குவியள் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை."

"அப்ப என்னை மொக்கு எண்டே நினைச்சனீ?"

அவளுக்கு இது விளையாட்டு இல்லை. கணவன் கேதீஸ்வரன் லண்டனில். கலியாணம் முடிந்து நான்காவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் பேசிக் காட்டும் சோதனையில் தேறினால்தான் அவளுக்கு விசா. சத்தமில்லாமல் வாயசைக்கும் ஒருத்திக்கு யார் புள்ளி போடுவார்கள்? ஜொனதன் பதறிப்போய், ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானங்களைப் பற்றி ஒரு பாடம் எடுத்தான். அவளுடைய நடை மட்டும் வேகமானது. கேதீஸ்வரன் ஒரு மைக் வாங்கி அனுப்பினான். அதில் பேசியதும் மறுநாள்தான் கேட்டது. ஊருக்கு மட்டும் இலாபம். தோட்டத்தில், கிணற்றடியில், கடைவாசலில் அவள் முதல் நாள் பழகிய வசனங்கள் கேட்டபடி இருந்தன. பருத்தித்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவர், பஸ் நிறுத்தத்து வெறும் காற்றுக்கு "ஐ ஆம் ஃபைன்" என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டார்.

வழி வெங்காயத் தோட்டத்தில் கிடைத்தது. அது பங்குக் கிணறு. பல தோட்டங்களுக்கு ஒரே கிணறு, ஆளுக்கொரு முறை. தன் முறைக்கு இறைத்துக்கொண்டிருந்தவள், தண்ணீர் கடைசிப் பாத்தியை எட்டுமுன்பே வழக்கம்போல மிசினை நிறுத்தினாள். வாய்க்காலில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் மிச்சத்தை நிரப்பிவிடும். நிறுத்திய கை அப்படியே நின்றது. முந்தி அனுப்பினால் உரிய நேரத்துக்குப் போய்ச்சேரும்!

சோதனைக்கு முதல் நாளே ஜொனதனோடு யாழ்ப்பாணம் போனாள். காவலாளியைக் கெஞ்சி, சோதனை அறையின் கதிரையில், மறுநாள் தனக்குத் தந்திருந்த அதே நேரத்தில் அமர்ந்தாள். வெங்காயம் வெட்டினால் ஏன் கண்ணீர் வருகிறது என்று தான் தயாரித்திருந்த பேச்சை உதட்டால் சொல்லி முடித்தாள். அதன்பின் பரிசோதகர் என்ன கேட்பார் என்று தெரியாததால், எதற்கும் பொருந்துகிற மாதிரி "தற்ஸ் எ குட் குவெஸ்ஷன்", "ஐ திங்க் ஸோ" என்று இடைவெளி விட்டு விட்டுச் சொல்லிவைத்தாள்.

மறுநாள் வாசலில் அவளுக்கு அடுத்து நின்றவள் சண்டிலிப்பாயிலிருந்து வந்திருந்த ஜெசிதா, இடுப்பில் வீரிட்டு அழும் பிள்ளை.

"அக்கா, பிள்ளை நிக்குதில்லை, நான் முதல் போகட்டே?"

"ஓம், போம்."

பங்குக் கிணற்றில் ஒருத்தர் அவசரத்துக்கு முறை கேட்டால் மறுப்பதில்லை. பிறந்ததிலிருந்து அப்படியே பழகியவள் யோசிக்காமல் தலையாட்டி, பிள்ளையையும் கையில் வாங்கிக்கொண்டாள். கதவு சாத்திய பிறகுதான், நேற்று சொல்லிவைத்தது இந்த நேரத்துக்கு என்பது நினைவுக்கு வந்தது. உள்ளே ஜெசிதா வாயைத் திறக்குமுன்பே வெங்காயப் பேச்சு தொடங்கிவிட்டது. கணவருடைய பெயர் என்ன என்று பரிசோதகர் கேட்டதற்கு, "தற்ஸ் எ குட் குவெஸ்ஷன்" என்று பதில் வந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்து நல்ல புள்ளி போட்டார்.

அடுத்து சிவகௌரி போனாள். தன் முறையை விட்டுவிட்டு வரக்கூடாது என்பதற்காக வெங்காயத்தை மறுபடி சொன்னாள், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சரியான பதிலும் சொன்னாள். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பரிசோதகர் பேனையை மூடிவைத்தார்.

"அக்கா, உள்ளுக்குக் கதைச்சது நானில்லை," என்றாள் வெளியே காத்திருந்த ஜெசிதா, முகம் வெளிறி.

"தெரியும். அது என்ரை வெங்காயம்."

சங்கதியைக் கேட்டதும் ஜெசிதா பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு விசா நிச்சயம். ஆனால் சண்டிலிப்பாயிலும் பங்குக் கிணறுகள்தான். வாங்கிய முறையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் அதே நேரத்துக்கு இருவரும் போனார்கள். "சேர், நேற்று நீங்கள் கேட்டது என்ரை குரல் இல்லை. கொஞ்சம் பொறுங்கோ, இவவின்ரை குரல் இப்ப வரும்," என்றாள் ஜெசிதா. பரிசோதகர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். வெளியே அனுப்ப அவர் எழுந்தபோது, காலிக் கதிரை வெங்காயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது. அவர் மெல்ல உட்கார்ந்து நேற்றைய தாளை எடுத்து, இடைவெளி வரும்போதெல்லாம் நேற்றைய கேள்வியை வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் பதில் பொருந்தியது. கடைசியில் கதிரை "தாங்க் யூ" என்றது. "யூ ஆர் வெல்கம்" என்றபடி புள்ளி போட்டார். ஜெசிதா தன் சொந்த வாயால் திரும்பச் சோதனை செய்து மயிரிழையில் தேறினாள்.

சிவகௌரி புறப்பட்ட அன்று பஸ் நிறுத்தத்தில் வான் வண்டியை நிறுத்தச் சொல்லி, கூடியிருந்தவர்களைப் பார்த்து உதட்டை அசைத்துவிட்டுப் போனாள். மறுநாள் அதே நேரத்துக்கு ஊரே அங்கே நின்றது. மீன்காரர் எஞ்சினை நிறுத்தினார். தம்பிராசாவின் நாய்க்குட்டிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் குரல் வந்தது: "டோன்ட் க்ரை. இட்ஸ் ஒன்லி தி ஆனியன்ஸ்."

"என்னவாம் மோனை?" என்று பக்கத்து வீட்டு இராசமலர் கண்ணைத் துடைத்தபடி கேட்டாள்.

"அழவேண்டாமாம். எல்லாம் வெங்காயத்தாலதானாம்," என்றான் ஜொனதன்.

லண்டனில் இப்போது அவள் கடைக்கு முதல் நாளே போய்ப் பேசிவிட்டு வருகிறாள், மறுநாள் போய்ச் சாமானை வாங்குகிறாள்; கடைக்காரர்களுக்கும் பழகிவிட்டது. இங்கே ஜொனதனின் வகுப்பில் உட்கார இடமில்லை. நட்சத்திரங்களின் வெளிச்சம் பல வருடம் பிந்தித்தான் நம்மிடம் வருகிறது என்ற பாடத்தை அடுத்ததாக எடுக்க அவன் துடித்துக்கொண்டிருக்கிறான். ஊரில் பாதி வேண்டாம் என்கிறது, மீதி இப்போதே கதிரை பிடிக்கிறது. நீங்கள் சொல்லுங்கள், எடுக்கலாமா?