நீலக் கோடி

டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த புதுப்புடவையின் ஒரு முனை ராஜாங்கத்தின் கையில் இருந்தது. மறுமுனை அவருடைய அக்கா அமிர்தத்தின் கையில். நடுவில், வாசல் பந்தலுக்குக் கீழே, பெஞ்சியின் மேல் தங்கமணி கிடந்தாள். புருஷனும் நாத்தனாரும் தனக்காக இப்படி மல்லுக்கட்டுவதை உயிரோடு இருந்த காலத்தில் அவள் கண்டதில்லை.

"வுட்றா. நீ போட்டா அது கோடி இல்ல, வெறும் பொடவ. பொறந்த வூட்டுலருந்து வரணும்."

"எங்கருந்து வரும்? நாலு பக்கமும் ரோடு அடச்சிக் கெடக்குது. நேத்து விடியறதுக்குள்ள போன உசுரு. இன்னும் எம்மா நேரம் வச்சிக்கினு இருக்கறது?"

"தம்பிக்காரன் வரட்டும்."

"அவன யாரு கூப்புட்டா?"

"நாந்தான். நேத்தே வீரமுத்த வுட்டு போஸ்டாபீஸ்லருந்து கடலூருக்குப் போன் போட்டன். கோடி இல்லாம இவளத் தூக்கனா நான் இந்தப் பந்தல்ல நிக்க மாட்டன், சொல்லிட்டன்."

ராஜாங்கம் புடவையை விட்டுவிட்டார். அமிர்தம் அதை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒப்பாரியை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

எண்பத்தேழாம் வருஷத்துச் செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்ததும் எலவனாசூர்கோட்டையைச் சுற்றியிருந்த மரங்கள் எல்லாம் அரசியலில் இறங்கிவிட்டன. புளி, வேம்பு, பூவரசு என்ற பேதம் பார்க்காமல் ரோட்டின் குறுக்கே படுத்துக்கொண்டன. உளுந்தூர்பேட்டையில் நின்றுபோன லாரிகளின் வரிசை எங்கே முடிகிறது என்று பார்க்கப் போன ஆள் இன்னும் திரும்பவில்லை என்று பேச்சு. மீன் ஏற்றி வந்த லாரி ஒன்று நின்ற இடத்திலேயே நாறிப்போனதில், கட்சி சாராத பூனைகளும் போராட்டத்தை ஆதரிக்கத் தொடங்கியிருந்தன. வெளியே தலைகாட்டிய வயசுப் பிள்ளைகளைப் போலீஸ் வேன் வந்து அள்ளிக்கொண்டு போனதால், ஊரின் இளவட்டம் முழுக்கக் கரும்புத் தோட்டத்துக்குள் குடித்தனம் நடத்தியது. பாடை தூக்கக் கிழவர்கள்தான் மிச்சம். ஐஸ் கிடையாது. ஊதுபத்தியும் தீரப்போகிறது.

முந்தாநாள் சாயங்காலம்தான் தங்கமணி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டிலோடு மாட்டு வண்டியில் ஏற்றிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மேற்கே ஊர் எல்லையில் புளியமரம் கிடந்தது. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் சேற்று வயல். வண்டியைச் சுற்றி ஓட்டவும் வழியில்லை. தங்கமணியைக் கட்டிலோடு மரத்துக்கு மேலே தூக்கிக் கடத்தலாம் என்றால் அதற்கப்பால் இன்னொரு மரம் தெரிந்தது. அதற்கப்பால் இன்னொன்று.

"வூட்டுக்கே போயிடலாம்" என்றாள் தங்கமணி.

அந்தப் புளியமரத்தை அறுத்த ரம்பத்துக்கு இரண்டு பிடி. ஒரு பிடியில் இருந்தவர் ராஜாங்கம். உள்ளங்கையில் கொப்புளம் இன்னும் உடையவில்லை.

தங்கமணிக்கு அப்பா அம்மா இல்லை. பிள்ளையும் இல்லை. பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது ஒரே தம்பி சின்னதுரை. அவனுக்கு உலகக் கடலுயிர்க் காப்புக் கழகம் என்ற வெளிநாட்டு அமைப்பில் வேலை. கடலோரம் குப்பம் குப்பமாகப் போய், வலையில் மாட்டும் ஆமையை அறுக்காமல் தண்ணீரில் விடச் சொல்வான். ஆமை கரையேறி முட்டையிடும் மாதங்களில் காவல் இருப்பான். இதற்குச் சம்பளம், சைக்கிள், மழைக்கோட்டு. ஊரில் யாரும் நம்பவில்லை. காசு கொடுத்து ஆமை மேய்க்கச் சொல்கிற வெள்ளைக்காரன் இந்த நாட்டை எப்படித்தான் அத்தனை வருஷம் ஆண்டான் என்று பங்காளிக் கிழவர் பொன்னுரங்கம் ஆச்சரியப்பட்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பொங்கலுக்கு, சின்னதுரை அந்தக் கழகத்தின் காலண்டரைக் கொண்டுவந்து அக்கா வீட்டுச் சுவரில் மாட்டினான். மாதத்துக்கு ஒரு ஆமை. வீட்டுக்குள் ஆமை வந்தால் ஆகாது என்பது அந்தப் பக்கத்தில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். அந்த வாரமே கிணற்று மோட்டார் புகைந்தது. சினைமாடு கன்றைப் பாதியில் போட்டது. எல்லாம் ஜனவரி ஆமையின் வேலை என்று ராஜாங்கம் கண்டுபிடித்தார். மற்ற ஆமைகளுக்கு முறை வருவதற்குள் காலண்டரைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார்.

"இனிமே என் வாசல மிதிக்கக் கூடாது, ஆமா."

தங்கமணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கழுநீர் வெறும் தண்ணீராகத் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள். அதற்கப்புறம் தம்பி பேச்சை அவள் எடுக்கவில்லை. பார்க்கப் போக வேண்டும் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். கேட்காதவளிடம் என்ன சொல்வது என்று ராஜாங்கத்துக்கு இத்தனை வருஷத்தில் பிடிபடவே இல்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சின்னதுரை வந்தான். முழங்கால் வரை சேறு. ஹேண்டில்பார் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பெண்கள் அழுகையை உயர்த்தினார்கள். அவன் பந்தலுக்கு ஓரடி முன்னால் தெருவிலேயே நின்றுகொண்டான். அங்கிருந்தே அக்காவின் முகத்தைப் பார்த்தான். நடுவில் உட்கார்ந்திருந்தவர்கள் மறைத்தார்கள்.

"கடலூர்லருந்து இதுவரிக்கும் ஒரு துணிக்கட தெறக்கலக்கா" என்றான் அமிர்தத்தைப் பார்த்து. "ஷட்டரத் தட்டித் தட்டிக் கேட்டன். எங்கிட்ட இருக்கறது இதான்."

தோளில் கிடந்த துணியை விரித்துப் பிடித்தான். நீலக் காடாத் துணி. நடுவில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு ஆமை. மேலே இங்கிலீஷ் எழுத்து. குப்பத்துக் கூட்டத்தில் கட்டுவதற்காகக் கழகம் கொடுத்தது.

"புதுசுதான். இன்னும் ஒரு தடவகூட கட்டல."

அழுகை சட்டென்று நின்றது. பொன்னுரங்கம் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"இன்னாடா இது?"

"ஆமைங்க பெரியப்பா."

"அது தெரியுது. மேல இன்னா எழுதிக்கீது?"

"எங்க கழகத்துப் பேரு."

"அதுக்கு ஆபீசு எங்க?"

"பெரிய ஆபீசு சுவிட்சர்லாந்துலங்க."

"அங்க கடலு எம்மா பெருசு?"

"அங்க கடலே இல்லிங்க."

"அட, அப்ப நம்ம ஊர்லயே வச்சிருக்கலாமே. இங்கயும்தான் இல்ல."

யாரோ சிரித்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொன்னுரங்கம் சிரிக்கவில்லை.

"படிச்ச புள்ளைங்களுக்கு இருவது பர்சென்ட் குடுன்னு நாங்க ரோட்டுல கெடக்கறோம். ஏன்னு கேக்க நாதியில்ல. ஆமைக்கு மட்டும் ஒலகம் பூரா ஆள் வச்சிக் கேக்கறான். அதுக்கு எத்தினி பர்சென்ட்டாம்?"

"அதுக்கு ஒண்ணும் குடுக்க வாணாம் பெரியப்பா. கொல்லாம வுட்டா போதுமாம்."

பொன்னுரங்கம் ராஜாங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"போற எடத்துக்கும் ஆமையப் போத்தியா அனுப்பறது? நீயே சொல்லுப்பா. ஒம் பொண்டாட்டி."

எல்லோரும் ராஜாங்கத்தைப் பார்த்தார்கள். தெருவில் நிற்பவனும் பார்த்தான். வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராஜாங்கம் வாயைத் திறந்தார். வார்த்தை தொண்டையில் குறுக்கே விழுந்து கிடந்தது. எழுந்து போய்விடலாம் என்றால் போவதற்கும் வழியில்லை. பின்பக்கம் வீடு, முன்பக்கம் மச்சான், நடுவில் பெண்டாட்டி.

அவர் எழுந்து தெருவுக்கு வந்தார். விரிந்திருந்த துணியின் ஒரு முனையைப் பிடித்தார். சின்னதுரையின் முகத்தைப் பார்க்காமல் பந்தலை நோக்கி நடந்தார். துணி நீண்டு விறைத்தது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு சின்னதுரையின் சேற்றுக்கால் பந்தலுக்குள் வந்தது.

தங்கமணியின் மேல் இரண்டு பேருமாக விரித்தார்கள். அமிர்தம் ஆமையை உள்பக்கமாக மடிக்கப் போனாள்.

"அப்பிடியே இருக்கட்டும்" என்றார் ராஜாங்கம்.

பாடை கிளம்பியது. சங்கு ஊதுகிறவனும் கரும்புத் தோட்டத்தில் இருந்ததால் சத்தமில்லாமல் போனது. முன்னால் ராஜாங்கமும் சின்னதுரையும், பின்னால் வீரமுத்துவும் இன்னொரு கிழவரும். இடுகாட்டுக்கு மேற்கு ரோட்டில்தான் போக வேண்டும். ஊர் எல்லையில் நின்றார்கள். பாடையை மரத்தின் மேல் வைத்து, இரண்டு பேர் அந்தப் பக்கம் ஏறிக் குதித்து, மெதுவாக இழுத்து இறக்கினார்கள். புளியங்கிளை ஒன்று நீலத்துணியைப் பிடித்துக்கொண்டது. சின்னதுரை அதை விடுவித்தான்.

"நானும் எம்மாவோ மரத்தத் தாண்டி வந்தன்" என்றான் மூச்சு வாங்கிக்கொண்டு. "இம்மாம் பெருச பாக்கல. எவன் மாமா வெட்டனான் இத?"

வீரமுத்து வாய்க்காலைப் பார்த்தார். பின்னால் வந்த பொன்னுரங்கம் இருமினார். தேவைக்கு அதிகமாகவே இருமினார். ராஜாங்கம் பாடையின் கட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

அவரையே பார்த்துக்கொண்டிருந்த சின்னதுரை அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. நடையை மட்டும் அவருடைய நடைக்குச் சரியாக மாற்றிக்கொண்டான்.

குழியில் இறக்கி எல்லோரும் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். மண்வெட்டியால் முக்கால் குழி மூடியதும் சின்னதுரை கையை நீட்டித் தடுத்தான்.

"போதும். மம்முட்டி வாணாம்."

மண்டியிட்டு உட்கார்ந்தான். இரண்டு கையாலும் ஈரமண்ணை முதலில் தள்ளினான். அதன் மேல் காய்ந்த மண்ணைத் தூவினான். புறங்கையால் லேசாகத் தட்டினான், மறுபடி தூவினான். கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்ற முறைப்படி பொன்னுரங்கம் அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ராஜாங்கம் மட்டும் நின்றார்.

"இன்னா பண்ற?" அன்றைக்கு அவனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஆமை முட்டைய இப்பிடித்தான் மாமா மூடுவோம். ஈரம் அடியில, காஞ்சது மேல. அழுத்தக் கூடாது."

சொல்லிவிட்டுத் தட்டிக்கொண்டே இருந்தான். மேடு ஒரே சீராக வந்ததும் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான்.

"நாய் வந்து நோண்டும். சுத்தி குச்சி நடணும்."

ராஜாங்கம் போய் வேலிகாத்தான் கிளைகளை ஒடித்தார். முள்ளைச் சீவ அரிவாள் இல்லை. ஒரு கை நிறைய அணைத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக நீட்டினார். சின்னதுரை வாங்கி வாங்கி நட்டான். தலைமாட்டுப் பக்கம் வந்தபோது அவன் வாங்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

ராஜாங்கம் உட்கார்ந்து அந்தக் குச்சியை நட்டார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிடுங்கி, மண்ணை ஒதுக்கி, மறுபடியும் நட்டார்.